குத்திப் பார்க்காத மூட்டை

செஞ்சி நெல் மண்டியில் அரங்கநாதன் ஒரு மனிதனின் வார்த்தையை முழுசாக நம்பி முப்பது வருஷம் ஆகிறது. கடைசியாக நம்பியது மாமனாரை. அவர் சீர்வரிசையோடு எழுதிக்கொடுத்த கிணற்றில் தண்ணீர் இல்லை. அன்றிலிருந்து யார் எதைச் சொன்னாலும் பாதியைக் கழித்துவிட்டுத்தான் காதில் போட்டுக்கொள்வார். விவசாயி 'சருகாக் காஞ்சது' என்றால் பாதி ஈரம். தரகர் 'லாரி கிளம்பிட்டுது' என்றால் டிரைவர் இன்னும் டீக்கடையில். டாக்டர் பத்து நாளைக்கு மாத்திரை எழுதினால் ஐந்து நாளைக்கு வாங்குவார். மீதி ஐந்து நாள் மருந்துக்கடைக்காரனின் பேராசை என்பது அவர் கண்டுபிடிப்பு.

அவருக்கு டாக்டர்கள் மேல் மரியாதை இருந்ததில்லை. "அவன் விக்கிறது என்னான்னு அவனுக்கே தெரியாது. நான் விக்கிற நெல்ல நான் கடிச்சிப் பாத்திருக்கேன்" என்பார்.

போன வருஷம் அவருக்கே ஒரு இருமல் வந்தது. இரண்டு மாதம் விடாத இருமல். சளியைச் சோதித்துவிட்டு டிபி என்றார்கள். அரசாங்கமே ஆறு மாதத்துக்கு இலவசமாக மாத்திரை கொடுத்தது. இலவசத்தில் கழிக்க என்ன இருக்கிறது என்று கேட்கலாம். அரங்கநாதன் கழித்தார். மூன்றாவது மாதம் இருமல் அடங்கியதும் மாத்திரைப் பட்டையை மண்டிக் கல்லாவுக்குப் பின்னால் போட்டார். எலி கூடச் சீண்டவில்லை. தேடி வந்த சுகாதாரப் பணியாளரிடம் வாசலிலேயே நின்று, முழுசாகச் சாப்பிட்டு முடித்ததாகச் சொல்லி அனுப்பினார். மனைவி கவிதாவிடம் 'நெல்லுத் தூசி அலர்ஜி' என்று சொல்லியிருந்தார். சில மாதம் கழித்து மெல்லத் திரும்பி வந்த இருமலுக்கும் அதே பெயர்தான். டிபி என்று தெரிந்தால் மண்டியில் எவனும் பக்கத்தில் உட்கார மாட்டான். சரக்கில் இருக்கும் குறையைச் சொல்லி எவன் விற்றிருக்கிறான்?

இந்தத் தை மாதம், அறுவடை நெல் வண்டி வண்டியாக வந்து இறங்கும் நேரத்தில், மகள் பூங்குழலிக்குத் தலைவலி வந்தது. பி.காம் இரண்டாம் வருஷம். சாயங்காலமானால் மெல்லிய ஜுரம், காலையில் வாந்தி. பத்து நாளாகியும் போகவில்லை.

அரங்கநாதன் சும்மா இருக்கவில்லை. மூன்று ஊர் விலை கேட்காமல் நெல்லே வாங்காதவர், நோயை மட்டும் ஒரே இடத்தில் வாங்குவாரா? செஞ்சியில் காட்டினார்: சைனஸ் என்றார்கள். திண்டிவனத்தில் காட்டினார்: டைபாய்டாக இருக்கலாம் என்றார்கள். திருவண்ணாமலையில் ஒருவர் தலையைத் தடவிவிட்டுப் பரீட்சை பயம் என்றார். மூன்றையும் ஒப்பிட்டுப் பார்த்ததில் பரீட்சை பயம்தான் மலிவு. அதையே எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

நாலாம் நாள் காலையில் பூங்குழலி கட்டிலில் உட்கார்ந்து சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, கடியாரம் ரெண்டா தெரியுது."

கவிதா அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். "நைனாவைப் பாரு. எப்படித் தெரியறாரு?"

"ரெண்டு நைனா."

"ஒன்னையே சமாளிக்க முடியல" என்று சொன்ன கவிதா, அதற்குமேல் அவரிடம் கேட்கவில்லை. கார் பிடித்துப் பாண்டிச்சேரிக்குக் கொண்டுபோய்ப் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் சேர்த்தாள். அரங்கநாதன் முன் சீட்டில் உட்கார்ந்து, டிரைவர் சுற்றுவழியில் போகிறானா என்று பார்த்துக்கொண்டு வந்தார்.

அங்கே வார்டில் இருந்த டாக்டரைப் பார்த்ததும் அவருக்குப் பாதி உயிர் போய்விட்டது. ஷிபா. அவரோடு இருபது வருஷமாக ஒரே தெருவில் மண்டி வைத்திருக்கும் தாவூத் பாயின் மகள். படித்து டாக்டராகி இங்கே வேலை பார்க்கிறாள் என்று கேள்விப்பட்டிருந்தார். அதிலும் பாதியைத்தான் நம்பியிருந்தார். தாவூத் 'நூறு மூட்டை வருது' என்றால் ஐம்பது வரும் என்பது அரங்கநாதன் கணக்கு. அரங்கநாதன் 'சரக்கே இல்ல பாய்' என்றால் கொட்டகை நிரம்பி வழிகிறது என்பது தாவூத்தின் கணக்கு. இருவரும் ஒருவரை ஒருவர் நன்றாகப் படித்தவர்கள்.

ஷிபா பூங்குழலியின் கழுத்தை மெல்ல முன்னால் வளைத்துப் பார்த்தாள். வளையவில்லை. கண்ணுக்கு டார்ச் அடித்தாள். விரலைப் பின்தொடரச் சொன்னாள். வலது கண் வெளிப்பக்கம் போக மறுத்தது. பிறகு வெளியே வந்தாள்.

"அங்கிள், மூளையையும் முதுகுத் தண்டையும் சுத்தி ஒரு உறை இருக்குது. கிருமி அதுக்குள்ள போயிருக்குதுன்னு நினைக்கிறேன். உறையில வந்தா ஒரு மாதிரி, மூளைக்குள்ளயே வந்தா ஒரு மாதிரி, ஒரே எடத்துல சீழ் கட்டினா வேற மாதிரி."

"கிருமின்னா எந்தக் கிருமி?"

"பாக்டீரியாவா இருக்கலாம், வைரஸா இருக்கலாம், டிபியா இருக்கலாம். அபூர்வமா பூஞ்சை."

"நெல்லுலகூட இத்தினி ரகத்த ஒரே மூச்சுல சொல்ல மாட்டாங்க" என்றார் அரங்கநாதன். "இதுல தானா சரியாப் போறது எது?"

"சில வைரஸ் தானா போகும்."

"அப்ப அதையே எழுதிக்கம்மா."

ஷிபா அவரை ஒரு கணம் பார்த்தாள். அப்பனைப் போலவே சிரிக்காமல் பார்க்கத் தெரிந்தவள். "அது நாம எழுதிக்கறது இல்ல அங்கிள். வீட்டுல யாருக்காவது டிபி இருந்திச்சா? நாள்பட்ட இருமல்?"

கவிதா அந்த நேரம் ரத்தப் பரிசோதனைச் சீட்டோடு கீழே போயிருந்தாள். அரங்கநாதன் மூட்டைக்கு விலை கேட்டதைப் போல முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டார்.

"எங்கூட்ல யாருக்கும் அந்த மாதிரி வியாதி கெடையாது."

தலையை ஸ்கேன் எடுத்தார்கள். அதற்கு அவர் மறுக்கவில்லை. ஸ்கேன் என்பது வெளியிலிருந்து எடுக்கும் போட்டோ. படத்தில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. ஷிபா அடுத்ததைச் சொன்னாள்: கீழ்முதுகில், இரண்டு எலும்புகளுக்கு நடுவில் மெல்லிய ஊசி விட்டுக் கொஞ்சம் நீர் எடுக்க வேண்டும். அந்த நீரைப் பார்த்தால்தான் எந்தக் கிருமி என்று தெரியும்.

"போட்டோவுல ஒன்னுமே இல்லன்னீங்க."

"படத்துல தெரியாமலும் இருக்கும். அதனாலதான் நீரைப் பாக்கணும்."

"முதுகுல தண்ணி எடுத்தா கால் வெளங்காமப் போயிடும். மண்டகப்பட்டுல எங்க சொந்தக்காரங்க ஒருத்தருக்கு அப்படித்தான் ஆச்சி."

"அவருக்கு எடுக்கறதுக்கு முன்னாடியே வெளங்காம இருந்திருக்கும் அங்கிள். தண்டுவடம் மேலயே முடிஞ்சிடுது. நாங்க ஊசி விடறது அதுக்குக் கீழ. ரெண்டு நாள் தலைவலி இருக்கலாம், அவ்வளவுதான்."

அரங்கநாதன் வழக்கப்படி பாதியைக் கழித்தார். ஆபத்தில்லை என்றால் பாதி ஆபத்து. ஒரு கால் விளங்காது. அதுவும் சொல்வது தாவூத்தின் மகள். அந்த வீட்டு வார்த்தையில் முக்காலையும் கழிக்கலாம். "வேணாம்" என்றார்.

அவர்கள் பாக்டீரியாவுக்கும் வைரஸுக்கும் சேர்த்து மருந்து ஏற்றினார்கள். மூளை வீக்கம் குறைய ஒரு ஊசியும் போட்டார்கள். ஒவ்வொரு நாளும் ஷிபா வந்து அந்த நீரைக் கேட்டாள். மூன்றாம் நாள் ஜுரம் இறங்கியது. பூங்குழலி எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்டாள்.

"பாத்தியா?" என்றார் கவிதாவிடம். "வைரஸ்தான். நான் அன்னிக்கே சொன்னேன். கிருமி எதுன்னு தெரியாம எல்லாத்தையும் கலந்து ஊத்துறாங்க இவங்க, கதம்ப சோறு கணக்கா."

"நீங்க எந்த காலேஜுல படிச்சீங்க?"

"மண்டியில."

"அப்ப மண்டியோட நிறுத்திக்குங்க."

அவர் நிறுத்திக்கொள்ளவில்லை. வீக்கம் அடங்கியதில் வந்த தெளிவுதான் இது, நோய் போகவில்லை என்று ஷிபா மூன்று தடவை சொன்னாள். மூன்று தடவை சொன்னதாலேயே அவருக்குச் சந்தேகம் கூடியது. நல்ல சரக்கை எவனும் மூன்று தடவை கூவ மாட்டான். சொந்தப் பொறுப்பில் அழைத்துப் போவதாக எழுதிக் கையெழுத்துப் போட்டார். கவிதா பேசாமல் பையை அடுக்கினாள். அந்தப் பேசாமையையும் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் காலை, பூங்குழலி எழுந்திருக்கவில்லை. உலுக்கியதும் கண்ணைத் திறந்து கவிதாவைப் பார்த்தாள். "அமலா, நோட்டு எடுத்தாந்தியா?" என்றாள். அமலா அவளோடு பள்ளிக்கூடத்தில் படித்த பெண். மறுபடி கண்ணை மூடிக்கொண்டாள்.

"மருந்து மயக்கம்" என்றார் அரங்கநாதன், சட்டையை மாட்டிக்கொண்டே. "தூங்கட்டும். சிங்கவரத்துல இருந்து நெல்லு வருது. பாய் அமுக்கிடுவான். ஒரு மணி நேரத்துல வரேன்."

கவிதா அவரைப் பார்த்த பார்வைக்கு மண்டியில் பெயர் உண்டு. புழுத்த நெல்லைக் கையிலிருந்து உதறிவிட்டு வியாபாரி பார்ப்பானே, அது.

மண்டி வாசலில் டிராக்டர் நின்றிருந்தது. சிங்கவரம் நாகம்மாள் மூட்டைகளுக்குக் காவலாக நின்றிருந்தாள். புருஷன் விதைப்பான், விற்பது இவள். ஊருக்கு மேலே நிற்கும் ராஜகிரிக் கோட்டையை அசைத்தாலும் அசைக்கலாம், நாகம்மாளை ஒரு விலையிலிருந்து அசைப்பது சிரமம். எதிர் மண்டியின் வாசலில் தாவூத் நாற்காலி போட்டு உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். அரங்கநாதன் விட்டதை எடுப்பதற்கான தூரம் அது.

நாகம்மாள் ஒரு மூட்டையின் வாயைப் பிரித்துக் காட்டினாள். "பாருங்க மொதலாளி. பொன்னாட்டம் இருக்குது."

நெல் பொன்னாகத்தான் இருந்தது. அரங்கநாதன் இரண்டு மணியை வாயில் போட்டுக் கடித்தார். டக்கென்று உடைந்தது. கையை நீட்டிச் சுவரில் மாட்டியிருந்த குத்தூசியை எடுத்தார். ஒரு முழ நீளத்துக்கு முனை கூரான இரும்புக் குழாய். சாக்கில் குத்தினால் மூட்டையின் அடிவயிற்றிலிருக்கும் நெல் குழாய் வழியாக உள்ளங்கையில் வந்து விழும்.

"குத்தாதீங்க" என்றாள் நாகம்மாள். "புதுச் சாக்கு. ஓட்டை வுழுந்தா நெல்லு ஒழுகிப்பூடும்."

"ஒரு ஊசி ஓட்டைல ஒழுகற நெல்லு ஒங்கூட்டுக் கோழிக்குப் பத்தாது."

"மேலதான் பாத்தீங்களே. கடிச்சும் பாத்தீங்க. அப்பறம் இன்னா நம்பிக்க இல்லாம?"

"மேல பாத்து வாங்கறதுக்கு நான் இன்னா சீமந்தப் பொடவையா வாங்கறேன்? தோ பாரு நாகம்மா. உள்ள இருக்கறது உள்ள போனாத்தான் தெரியும். வெளிய நின்னு போட்டோ புடிச்சி வெச்சிக்கிட்டு நல்லா இருக்குதுன்னு சொல்றவன் வியாபாரி இல்ல, குருடன்."

சொல்லிக்கொண்டே குத்தினார். எதிரில் தாவூத்தின் டீ கிளாஸ் வாய்க்குப் போகும் வழியில் நின்றது. அவர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுத் தெருவைப் பார்த்தார்.

குழாயில் வந்த நெல் உள்ளங்கையில் சில்லென்று விழுந்தது. ஈரம். நாலைந்து மணி கறுத்திருந்தது; ஒன்று முளைவிட்டிருந்தது. புளித்த வாடை.

நாகம்மாள் வானத்தைப் பார்த்தாள். "அது ஓரத்து மூட்டை. பனி எறங்கியிருக்கும்."

மற்ற நாளாக இருந்தால் அரங்கநாதன் அந்த நெல்லைத் தெருவுக்கே காட்டி, அவளுடைய பாட்டன் முப்பாட்டன் வரை இழுத்திருப்பார். இன்றைக்குக் கையைப் பார்த்தபடி நின்றார். தான் சற்றுமுன் சொன்னது தன் காதுக்கு இப்போதுதான் வந்து சேர்ந்தது. முதல்முறையாக அதில் பாதியைக் கழிக்க வரவில்லை. மேலே காய்ந்ததைப் பரப்பி நடுவில் ஈரத்தை வைத்தவள் எதிரில் நின்றிருந்தாள். அவளைத் திட்டுவதற்கு வாய் வரவில்லை. அந்த வாயே ஷிபாவிடம் சொல்லியிருந்தது: எங்கூட்ல யாருக்கும் அந்த மாதிரி வியாதி கெடையாது.

"பாய், வண்டி எடு" என்றார்.

தாவூத் எதற்கு என்று கேட்கவில்லை. சாவியை ஏற்கெனவே கையில் வைத்திருந்தார்.

"அப்ப என் நெல்லு?" என்றாள் நாகம்மாள்.

"காய வெய்யி" என்றார் தாவூத், காரில் ஏறிக்கொண்டே.

வீட்டு வாசலில் நூற்றெட்டு ஆம்புலன்ஸ் நின்றிருந்தது. பூங்குழலியை ஏற்றியாகிவிட்டது. வாயோரம் நுரை, வலிப்பு வந்து நின்றிருந்தது. கவிதா பின் கதவில் ஒரு காலை வைத்துக்கொண்டு அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"மண்டி முடிஞ்சிடுச்சா?"

"கவிதா, அந்த ஊசிக்கு நான் கையெழுத்துப் போட்டுடறேன்."

"ஒங்க கையெழுத்து வேணாம். அம்மா போட்டா போதும்னு ஷிபா போன்ல சொல்லிடுச்சி. நீங்க வந்து எடம் அடைக்காதீங்க, பின்னாடி வாங்க."

முப்பது வருஷத்தில் தன் கையெழுத்துக்கு இவ்வளவு மலிவான விலையை அவர் பார்த்ததில்லை.

கார் ஆம்புலன்ஸின் பின்னாலேயே திண்டிவனத்தைத் தாண்டியது. பிறகு அரங்கநாதன், "ஒனக்கு இந்த ஊசி விஷயமெல்லாம் தெரிஞ்சிதான் இருந்திச்சா?" என்றார்.

"ஷிபா நோயாளி பேச்ச வீட்டுல பேசாது. ஒன் வாய் பேசும். ஊசி போட வுடாம கூட்டியாந்துட்டேன்னு மண்டியில நீதான பெருமையா சொன்ன."

"அப்பவே சொல்லியிருக்கலாம் இல்ல பாய்."

"சொல்லியிருந்தா பாதியக் கழிச்சிருப்ப."

அரங்கநாதன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அன்று மதியம் நீர் எடுத்தார்கள். பூங்குழலியை ஒருக்களித்துப் படுக்கவைத்து, முழங்காலை வயிற்றோடு மடக்கி, ஊசி விட்டு, பத்து நிமிஷத்தில் முடிந்தது. கால் இரண்டும் இருந்த இடத்தில்தான் இருந்தன. ஷிபா கண்ணாடிக் குழாயை வெளியே கொண்டுவந்தபோது அரங்கநாதன் எழுந்து போய் வெளிச்சத்துக்கு எதிரே பார்த்தார். தண்ணீர் மாதிரி இருந்தது.

"பாக்டீரியாவா இருந்தா கஞ்சித் தண்ணி மாதிரி கலங்கியிருக்கும்" என்றாள் ஷிபா. "இது தெளிவா இருக்குது. அப்ப ரெண்டுதான் பாக்கி. வைரஸ், இல்லன்னா டிபி. ஆய்வுக்கூடத்துல இருந்து முழு முடிவு வர நாளைக்கு ஆகிடும்."

தெளிவு. வைரஸ். அரங்கநாதனின் முன்னால் அவர் கேட்ட விலைக்கே சரக்கு வந்து நின்றது. பக்கத்தில் கவிதா நின்றாள், அவள் பின்னால் தாவூத். வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். நாளைக்கு ஆய்வுக்கூடம் சொல்லிக்கொள்ளும், தன் இருமல் தன்னோடு போகும். ஒரு ராத்திரி. அதை மட்டும் கழித்துக்கொள்ளலாம்.

"ஷிபாம்மா" என்றார். "அன்னிக்கு நீ கேட்டியே. எனக்கு இருந்திச்சி. டிபி. போன வருஷம். ஆறு மாசத்துக்குக் குடுத்தாங்க. மூணு மாசம் சாப்ட்டேன்."

வராந்தாவில் யாரோ சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

"நெல்லுத் தூசின்னீங்க" என்றாள் கவிதா.

அவர் ஷிபாவின் கையிலிருந்த குழாயையே பார்த்தார்.

"எம்பொண்ணு மேல ஒரு வருஷமா இருமிக்கிட்டு, நெல்லுத் தூசின்னீங்க." குரல் ஏறவில்லை. மண்டியில் எடை சொல்கிற குரல். "பாதி பாதியா கழிச்சி, மிச்ச பாதிய அதுக்குக் குடுத்துட்டீங்க."

ஷிபா நடுவில் நிற்கவில்லை; உள்ளே திரும்பி நர்ஸிடம் மருந்துப் பெயர்களைச் சொல்லிக்கொண்டே போனாள். நாலு மாத்திரை, மூக்குக் குழாய் வழியாக, வீக்கத்துக்கு ஊசி. நாளைய முடிவுக்குக் காத்திராமல் அப்போதே தொடங்கினார்கள். தனியாக எடுத்து அசைக்காமல் நிறுத்திவைத்திருந்த இரண்டாவது குழாயில் மறுநாள் காலை, தெளிந்த நீருக்கு நடுவே சிலந்தி பின்னியது போல மெல்லிய வலை தொங்கியது. டிபி நீரில் அப்படிக் கட்டுவதுண்டு என்றாள் ஷிபா. ஆய்வுக்கூடமும் அதையே சொன்னது. அரங்கநாதன் அந்தக் குழாயை நெடுநேரம் பார்த்தார். இவர்கள் ரகம் பிரிப்பது தன்னைவிடச் சுத்தமாக இருந்தது. ஒப்புக்கொள்ள வாய் கசந்தது.

"முந்தியே எடுத்திருந்தா?" என்று கேட்டார்.

"வலிப்பும் மயக்கமும் வராமலே இருந்திருக்கலாம். கண்ணப் பத்தி நான் சொல்ல முடியாது அங்கிள்."

அவருடைய சளியையும் சோதித்தார்கள். கிருமி இன்னும் இருந்தது. மருந்துக்கு மசியாத ரகமாக மாறியிருக்கவில்லை. அதற்கு அவர் செய்த புண்ணியம் எதுவும் காரணமில்லை என்று கவிதா சொன்னாள்.

பூங்குழலி பதினோரு நாள் கண் திறக்கவில்லை. பன்னிரண்டாம் நாள் திறந்தாள்.

இப்போது ஆவணி. கோட்டை பார்க்க வருகிறவர்கள் வெயிலுக்குப் பயந்து காலையிலேயே ஏறி இறங்கிவிடுகிறார்கள். அரங்கநாதன் மண்டியில் பக்கத்தில் உட்கார ஆளில்லை என்பது கொஞ்ச நாள் இருந்தது. பிறகு தாவூத் வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார், ஊரும் பழகிவிட்டது. பூங்குழலி அடுத்த வருஷம் காலேஜுக்குத் திரும்பலாம். நடக்கிறாள், கணக்குப் போடுகிறாள், அம்மாவை அம்மா என்று கூப்பிடுகிறாள். வலது கண் மட்டும் வெளிப்பக்கம் முழுசாகப் போவதில்லை. வலப்பக்கம் இருப்பதெல்லாம் இன்னும் இரண்டாகத்தான் தெரிகிறது.

காலை எட்டு மணிக்குக் கவிதா இரண்டு தட்டில் மாத்திரை வைப்பாள். மகளுக்கு மொத்தம் பன்னிரண்டு மாதம். அப்பனுக்கு ஆறு மாதம், முதலிலிருந்து. இந்த வாரத்தோடு முடிகிறது.

அரங்கநாதன் தட்டின் எதிரே வந்து நின்றார். "இன்னும் நாலு நாள்தான பாக்கி. இருமல் போயி மாசக்கணக்கா ஆவுது. டாக்டரம்மாகிட்ட ஒரு வார்த்த கேட்டுப் பாத்தா..."

கவிதா தலையை நிமிர்த்தினாள். அவர் மீதியை விழுங்கினார். மாத்திரையையும் விழுங்கினார்.

"நைனா, அந்தப் பக்கம் நிக்காத" என்றாள் பூங்குழலி. "ரெண்டு பேரா தெரியற."

அவர் சுற்றிக்கொண்டு வந்து அவளுக்கு இடது பக்கத்தில் உட்கார்ந்தார். மண்டிக்குப் போகும்வரை இப்போதெல்லாம் அங்கேதான் உட்காருவார்.

"வாயத் தொறங்க" என்றாள் கவிதா.

அவர் வாயைத் திறந்தார். அவள் குனிந்து நாக்குக்கு அடியிலும் பார்த்துவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.